எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கிய பழைய பைக்கை நம்பலாமா?

கேள்வி: அப்பாவின் 2009 மாடல் ஸ்ப்ளெண்டருக்கு 15 வருஷம் முடிந்து, ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டோம். ஆய்வாளர் வண்டியைப் பார்த்து ஓகே சொல்லிவிட்டார். இனி கவலை இல்லைதானே அண்ணே?
- வாசகர், தேனி

பதில்: ஆர்.சி.க்குக் கவலை இல்லை தம்பி, வண்டிக்கு உண்டு. சேஸ் நம்பர், லைட், ஹாரன், பிரேக் எல்லாம் அன்றைக்கு இருந்த நிலைக்குத்தான் அந்த ஓகே. டிரம்மைக் கழற்றி பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அங்கே பார்க்க மாட்டார்கள். பட்டறைக்கு வரும் பழைய வண்டியில் நான் முதலில் பார்ப்பது கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டொக்'கென்று பிடித்தால் உடனே மாற்றிவிடுங்கள். டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடு) இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் அப்பாவை அந்த வண்டியில் போடிமெட்டு ஏற விடாதீர்கள்.