புது வீட்டு ஹால்ல எத எங்க போடறதுன்னு எப்படி முடிவு பண்றது?
முதல் வீடு, ஹால் காலியா இருக்கு, எதுல ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு சோபாவ முதல்ல வாங்கிடாதீங்க. அதோட நீள அகலத்துக்கு தரையில டேப் ஒட்டி ரெண்டு நாள் அத சுத்தியே நடந்து பாருங்க, கதவு முழுசா திறக்குதா, போக வர கால் இடிக்குதான்னு அப்பவே தெரிஞ்சிடும். நடக்கற வழி 3 அடி வேணும், சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவுல ஒன்றரை அடி போதும், உக்காந்தபடியே கப்ப எட்டி வைக்கலாம். 55 இஞ்ச் டிவின்னா 7 அடி தள்ளி உக்காருங்க, ஜன்னலுக்கு எதிர்ல மட்டும் மாட்டாதீங்க, பகல்ல ஸ்கிரீன்ல வெளிச்சம்தான் தெரியும். கார்பெட் வாங்கினா சோபாவோட முன்கால் ரெண்டும் அது மேல ஏறணும், சின்னதா இருந்தா ஒட்டாம தனியா கிடக்கும். மூலையில 2700 கெல்வின் பல்பு (இதமான மஞ்சள் வெளிச்சம் தர்றது) போட்ட லேம்ப் ஒண்ணு வைங்க, சாயங்காலம் ஹாலே வேற மாதிரி ஆயிடும். படம், குஷன்லாம் ஒரு மாசம் குடியிருந்துட்டு மெதுவா பாத்துக்கலாம்.