‘தேய்மானம்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் வட்டாரத்தில் 20 பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கப் போகிற வீடுகளில் பலரும் முழங்கால் வலியைச் சொல்கிறார்களாம். ஒருநாள் பயிற்சியில் இவர்களுக்கு எதைச் சொல்லித்தருவது, எதை விடுவது? – ஓர் இயன்முறை சிகிச்சையாளர்

பதில்: மூட்டின் உள்ளமைப்பு, மூட்டுவலியின் வகைகள் இவற்றை விட்டுவிடுங்கள். முதல் அரைமணி நேரம் ‘தேய்மானம்’ என்ற சொல்லுக்கே போகட்டும். எக்ஸ்ரேயைப் பார்த்து “எலும்பு தேஞ்சிருக்கு” என்று யாராவது சொல்லிவிட்டால், நடந்தால் இன்னும் தேயும் என்று அந்த அம்மா உட்கார்ந்துவிடுகிறார். தொடைத் தசை இளைக்கிறது, எடை ஏறுகிறது, வலி கூடுகிறது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுந்தித் தளரும்போதுதான் மூட்டுநீரிலிருந்து அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. “செருப்பு தேயுற மாதிரி மூட்டு தேயாதும்மா, அசைச்சாத்தான் அதுக்குச் சாப்பாடு” என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

உடற்பயிற்சி இரண்டு போதும், ஆனால் பிசகில்லாமல் வர வேண்டும். முதலாவது, பாயில் காலை நீட்டி, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்துக் கீழ்நோக்கி அழுத்துவது. 5 எண்ணும்வரை பிடித்து விட வேண்டும்; 10 முறை, காலையும் மாலையும். தன்னார்வலர் தன் கையை முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே வைத்துப் பார்க்கட்டும். அங்கே தசை கல்லுப்போல இறுக வேண்டும். இறுகாமல் இடுப்பு மட்டும் தூக்கினால் தவறு. பலர் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆகாது. சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், மூச்சு தானே வெளியே வரும்.

இரண்டாவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடச் சொல்லுங்கள். தாழ்வான ஸ்டூல் வேண்டாம். வலி 10க்கு 5க்குள் இருந்து, மறுநாளைக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்திவிடக் கூடாது. கைத்தடியைப் பெரும்பாலோர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில், தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு உயரத்துக்கு இருக்க வேண்டும்.

இந்த ஒருநாள் பயிற்சியில் உயிரோடு சம்பந்தப்பட்ட பகுதி மாத்திரைதான். பிரஷர் மாத்திரை வாங்கும் அதே கை, மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையும் வாங்குகிறது. தொடர்ந்து போட்டால் அது பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண்ணாக்கும், சுகர் உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உதிரியாகத் தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்தால் சுகர் எகிறும். “வலிக்கு என்ன போடுறீங்க, எடுத்துக் காட்டுங்கம்மா” என்று கேட்டு, பெயரை எழுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்வதுதான் தன்னார்வலரின் வேலை. தானாக நிறுத்தச் சொல்லக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மலம் கருப்பாகப் போனால் மட்டும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பட்டும். சிலவகை மூட்டுவலிக்கு மருத்துவர் எழுதித்தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இருந்தால், எந்தக் கிழமை போடுகிறார் என்று கேட்கட்டும். மூட்டுவலிக்கு அது வாரம் ஒருமுறைதான். தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும்.

யாரை உடனே அனுப்புவது என்பதையும் நடித்துக் காட்டச் செய்யுங்கள். ஒரே மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனை. இரு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் அரைமணிக்கு மேல் மடக்க முடியாமல், ஆறு வாரமாக நீடித்தால் அது முடக்குவாதமாக (மூட்டுகள் அழற்சியால் கெடும் நோய்) இருக்கலாம். சீக்கிரம் மருந்து தொடங்கினால் விரல்கள் கோணாமல் காக்க முடியும்.

வலி ஏறும், இறங்கும். அதை வைத்துப் பலனை அளக்க முடியாது. கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று முதல் நாளும் ஆறாவது வாரமும் பதிவேட்டில் குறிக்கட்டும். நாள் முடிவில் எழுத்துத் தேர்வு வைக்க வேண்டாம். நீங்களே பாயில் உட்கார்ந்து வேண்டுமென்றே மூச்சை அடக்கி, இடுப்பைத் தூக்கிச் செய்யுங்கள். அதைக் கண்டுபிடித்துத் திருத்துகிற தன்னார்வலரை மறுநாளே வீடுகளுக்கு அனுப்பலாம்.