முதல் சாக்லேட் கேக்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: தம்பி பிறந்தநாளுக்கு வீட்டிலேயே சாக்லேட் கேக் செய்ய ஆசை. இதுவரை செய்ததில்லை. மதுரை கீழமாசி வீதியில் விசாரித்தால் கோகோ பவுடர், காம்பவுண்ட் சாக்லேட், உப்பில்லாத வெண்ணெய், பேக்கிங் பவுடர், பேக்கிங் சோடா, எசென்ஸ் என்று பெரிய பட்டியல் சொல்கிறார்கள். ஓடிஜி என்ற மின்சார அடுப்பு இல்லாமல் கேக் வராது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எதை வாங்குவது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: அடுப்பை இப்போது வாங்காதீர்கள். நாலைந்து கேக் செய்து, கை பழகி, இன்னும் ஆசை இருந்தால் அப்போது பார்க்கலாம். பட்டியலிலும் பாதி உங்களுக்குத் தேவையில்லை. முதல் முறைக்கு முட்டையும் வெண்ணெயும் இல்லாத எண்ணெய்க் கேக்தான் என் சிபாரிசு. அடிக்கும் கருவி வேண்டாம், பதம் தவறும் பயமும் குறைவு.

மைதா ஒன்றரை கப் (190 கிராம்), சர்க்கரை ஒரு கப் (200 கிராம்), கோகோ கால் கப், சமையல் சோடா (பேக்கிங் சோடா) ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். எல்லாவற்றையும் சலித்துக் கலந்து, ஒரு கப் தண்ணீர், வாசனை இல்லாத எண்ணெய் 80 மில்லி, வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன் ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறினால் போதும். கப் என்பது 240 மில்லி. வினிகர் இல்லையா, எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். சோடாவும் புளிப்பும் சேர்ந்ததுமே நுரைக்கத் தொடங்கிவிடும். அதனால் கேக் வேகவைக்கும் பாத்திரத்தைச் சூடாக்கிய பிறகுதான் மாவைக் கரைக்க வேண்டும். கரைத்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் கேக் அமுங்கிவிடும்.

இனி கடைக்குப் போவோம். உங்கள் காசு போகவேண்டிய இடம் கோகோ பவுடர்தான். அதன் பக்கத்திலேயே டிரிங்கிங் சாக்லேட் பவுடர் அடுக்கியிருப்பார்கள். டப்பா ஒன்று போலவே இருக்கும், உள்ளே பெரும்பகுதி சர்க்கரை. அதைப் போட்டால் கேக் வெளிறிப்போய்த் தித்திப்பாக மட்டும் இருக்கும். டப்பாவைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் சர்க்கரை என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். சில கோகோ டப்பாவில் 500, 501 என்ற எண்கள் இருக்கும். புளிப்பைக் குறைக்கக் காரப் பொருள் (அல்கலி) சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நிறம் கருப்பாக வரும். இந்தக் கேக்கில் வினிகர் இருப்பதால் இரண்டில் எதுவும் சரி.

ஒரு கேக்குக்குச் சுமார் 25 கிராம் கோகோதான் செலவாகும். லாபம் என்று பெரிய டப்பா வாங்கி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் கட்டிதட்டிவிடும். சின்னப் பாக்கெட்டே போதும். எதில் விலை குறைவு என்று பார்க்க, பொட்டலத்தில் கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பதை ஒப்பிடுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது தவறு. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது.

பேக்கிங் சோடாவுக்குத் தனியாக அலைய வேண்டாம். நம் மளிகைக் கடை ஆப்பசோடாவும் அதுவும் ஒன்றே. பேக்கிங் பவுடர் வேறு பொருள், இந்தக் கேக்குக்கு வேண்டாம். காம்பவுண்ட் சாக்லேட் மேலே உருக்கி ஊற்ற மட்டுமே. கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பில் செய்தது, அதனால்தான் விலை மலிவு. ஆன்லைனில் வாங்குவதானால் சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம், உருகித்தான் வந்து சேரும். உருகி இறுகியதில் வெள்ளை பூத்திருந்தால் அது பூஞ்சை அல்ல, கொழுப்பு மேலே வந்தது. சாப்பிடலாம்.

அடுப்புக்குப் பதில் அடிகனமான பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்று, பொருத்தமான மூடியோடு. அடியில் கல் உப்பு பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். அப்புறம் எண்ணெய் தடவிய எட்டு அங்குலத் தட்டில் மாவை ஊற்றி உள்ளே வைத்துச் சிறுதீயில் 40 நிமிடம். நடுவில் குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும், ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். நான்ஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது. குக்கரில் செய்வோர் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் தண்ணீரில்லாமல் சூடாக்கக் கூடாது என்று குக்கர் கையேடுகளில் இருக்கும், வாரண்டி உள்ள புதுக் குக்கரை இதில் பலி கொடுக்காதீர்கள்.

பின்னால் ஓடிஜி வாங்கும் நாளில் உங்கள் கேக் தட்டைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள். ஒன்பது, பத்து லிட்டர் அடுப்பில் மேல்கம்பி கேக்கைத் தொடும் அளவில் இருக்கும், உள்ளே வேகும் முன் மேலே கருகும். 16 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 1,300 வாட் அடுப்பில் ஒரு கேக்குக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகாது.

கேள்வி: வாங்கிய பேக்கிங் பவுடர் காலாவதியானது என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
- வாசகர், சிம்மக்கல்

பதில்: காலாவதியான உணவுப் பொருளை விற்பதே குற்றம், மாற்றித் தருவது அவர் செய்யும் உதவி அல்ல. பாக்கெட்டைப் பிரிக்காமல், தேதியும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள். பில்லையும் படம் எடுத்துவிடுங்கள், நாளானால் எழுத்து அழிந்துபோகும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுதலாம். மதுரையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் கிடையாது. தேதி தாண்டாத பாக்கெட்டும் காற்றுப் பட்டால் வீரியம் இழக்கும். சூடான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போட்டுப் பாருங்கள், பொங்கினால் நல்லது.

கேள்வி: எங்கள் மைக்ரோவேவில் கேக் செய்யலாமா?
- வாசகி, மேலூர்

பதில்: அதில் சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் செய்யலாம், 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். அந்த வசதி இல்லாத சோலோ வகையில் மாவு வேகும், ஆனால் ஓரம் சிவக்காது, ஆறியதும் ரப்பராகும். அலுமினியத் தட்டைக் கன்வெக்‌ஷனில் மட்டும், அதுவும் கையேட்டில் அனுமதி இருந்தால் வையுங்கள்.