மூன்று படகு மீன் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால்

மூன்று படகுகளில் வாங்கிய சூரையை ஒரே ஐஸ் தொட்டியில் போட்டுவிட்டோம், இப்போது ஐரோப்பிய இறக்குமதியாளர் படகுவாரியாகக் கணக்குக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சரக்கு போச்சு என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1005/2008 விதிமுறை, 2010 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று காட்டும் மீன்பிடிச் சான்றிதழ் வேண்டும். படகு எந்த நாட்டுக் கொடியின்கீழ் ஓடுகிறதோ அந்த நாட்டு அதிகாரிதான் அதை உறுதிசெய்ய முடியும். மூன்று படகுகளுக்கும் சான்றிதழ் கிடைத்தால் தொட்டியை ஒரே தொகுதியாகக் காட்டி, மூன்று சான்றிதழ்களையும் சேர்த்து வைக்க முடியுமா என்று உங்கள் மீன்வளத் துறையிடமும் இறக்குமதியாளரிடமும் எழுத்தில் கேளுங்கள். ஒன்றுக்கு இல்லையென்றால் மொத்தத் தொகுதியும் சிக்கிக்கொள்ளும்.

எடைதான் பலர் மாட்டும் இடம். இறக்கும்போது 600 கிலோ இருந்த மீன், தலையும் குடலும் எடுத்தபின் 450 கிலோ ஆகியிருந்தால் இரண்டு எடையும் பதிவில் இருக்க வேண்டும். தயவுசெய்து தொட்டியின் எடையை மூன்று படகுக்கும் உத்தேசமாகப் பங்குபோட்டு எழுதாதீர்கள். சட்டத்தை மீறிப் பிடித்த மீன் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான். அதில் அடிபடுவது ஒழுங்காகப் பிடிப்பவர்கள்.

அப்புறம், அடுத்த தடவை மீன் தொட்டிக்குப் போவதற்கு முன்பே ஒவ்வொரு கூடையிலும் படகின் பதிவு எண், தேதி, எடை எழுதிய சீட்டைக் கட்டிவிடுங்கள்.