ஓட்டு வீட்டுக்கு ஏசி, தீவுக்குச் சம்பா சோறு

கேள்வி: ஜூனில் எங்கள் 25-வது திருமண நாள். மாலத்தீவில் தண்ணீருக்கு மேல் கட்டிய ரிசார்ட்டில் நான்கு இரவு தங்கிவரச் சொல்கிறார்கள் பிள்ளைகள். சங்கத்தில் கடனும் கிடைக்கும். எனக்கோ பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் ஓட்டு வீட்டு விடுதி போதும் என்று தோன்றுகிறது. ரிசார்ட்டில் நம்மூர்ச் சாப்பாடு கிடைக்குமா? ஓட்டு வீட்டில் ஏசி இருக்குமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: நம்மூர்ச் சாப்பாடும் ஏசியும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் வீடு.

மாலத்தீவு தூரமில்லை. திருவனந்தபுரத்தில் ஏறினால் மாலே. இந்தியர்களுக்குப் போய் இறங்கியதும் விசா, அதுவும் இலவசம். சிக்கனம் அத்தோடு தீர்ந்தது. விளம்பரத்தில் காணும் வாடகைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 17 சதவீதம் வரி என்று பெரும்பாலும் ஏறும். போதாததற்குப் பசுமை வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். உங்கள் இருவருக்கும் நான்கு இரவுக்கு 96. தீவுக்குக் கொண்டுபோகும் படகுக்கோ கடல்விமானத்துக்கோ தனிக் காசு. ஒரு தீவுக்கு ஒரே ரிசார்ட் என்பதால் வெளியே நடந்துபோய்ச் சாயா குடிக்கவும் வழியில்லை. இத்தனைக்கும் பல ரிசார்ட்டுகளில் கூரை ஓலைதான். நாம் பிரித்தெறிந்த ஓலைக்கு அங்கே டாலரில் வாடகை!

ஜூனில் வாடகை குறைவு என்று பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். குறையாமல் என்ன செய்யும்? பேச்சிப்பாறையில் பெய்யும் அதே தென்மேற்குப் பருவமழைதான் அங்கேயும்.

ஆனாலும் மாலத்தீவைத் திட்ட எனக்கு மனமில்லை. கடல் பார்க்க முட்டம் போதும், தேங்காய்ப்பட்டணம் போதும். இறங்கத்தான் முடியாது, கள்ளக்கடல் என்னும் திடீர்ப் பேரலை சொல்லிவிட்டு வருவதில்லை. மாலத்தீவில் பவளப்பாறை அலையை வெளியிலேயே உடைத்துவிடும். உள்ளே குளம்போல இடுப்பளவு நீர், காலடியில் வண்ண மீன்கள். நம் மாவட்டத்தில் இல்லாத சரக்கு அது ஒன்றுதான். காசு கொடுப்பதானால் அதற்குக் கொடுங்கள். நீங்கள் இருவரும் தண்ணீரில் இறங்குவீர்களா? வராந்தாவில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றால் கடன் வேண்டாம்.

இறங்குவோம் என்றால், மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போங்கள். ரிசார்ட்டுக்கு அல்ல, மக்கள் குடியிருக்கும் தீவில் ஒரு சிறு விடுதிக்கு. ஐம்பது அறைக்கு மேற்படாத விடுதியில் பசுமை வரி பாதிதான். மது கிடையாது, உடையில் கொஞ்சம் கட்டுப்பாடு உண்டு. தக்கலைக்காரருக்கு இரண்டும் சிரமமாக இராது. காலையில் சூரை மீனை உதிர்த்துத் தேங்காய்த்துருவல், வெங்காயம், எலுமிச்சை பிசைந்து ரொட்டியோடு வைப்பார்கள். நாம் மாசிக் கருவாடு என்று வாங்குகிறோமே, அந்த மாசியின் தாய்வீடு அது. சாப்பாட்டுக் கவலை வேண்டாம்.

இந்த ஜூனுக்கு ஓட்டு வீடுதான். ஏசி கேட்டு விடுதிக்காரரைச் சிரிக்க வைக்காதீர்கள். ராத்திரி மழையில் போர்வைதான் கேட்பீர்கள். மின்சாரம் போகும், காலில் அட்டை ஏறும், காய்கிற ரப்பர் ஷீட்டின் வாடை மூக்கைப் பிடிக்கும். இதையெல்லாம் எளிமை என்று வர்ணிக்கிறவர்கள் ஒரு ராத்திரிகூடத் தங்காதவர்கள். இரண்டு இரவு போதும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போகிற வழியில் குலசேகரத்தில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள், உப்பும் ஒரு பொட்டலம். உப்பு அட்டைக்கு.