‘நாட் ரெஸ்பாண்டிங்’: அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்புளோரர் மல்லுக்கட்டினால்

விண்டோஸ் 11 அப்டேட் ஆன பிறகு ஃபைல் எக்ஸ்புளோரர் திறக்கவில்லை, திறந்தாலும் உறைந்து நிற்கிறது என்று வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். மெனுப் பெயர்கள் உங்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே உச்சரிப்பை மட்டும் தந்திருக்கிறேன். கட்டளைகளையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

கேள்வி (தெம்பனிஸ், துணைப்பாட ஆசிரியை): நேற்றிரவு அப்டேட் ஆனது. காலையில் மஞ்சள் ஃபோல்டர் சின்னத்தை அழுத்தினால் ஜன்னல் வெள்ளையாக வருகிறது, வட்டம் சுற்றுகிறது, மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்கிறது. வேர்ட், குரோம் எல்லாம் ஓடுகின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: மற்றவை ஓடுகின்றன என்றால் கணினி படுத்துவிடவில்லை. எக்ஸ்புளோரர் எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறது. எதற்காக என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. விண்டோஸை அழித்துப் போடும் யோசனையெல்லாம் கடைசிக்கு.

உங்கள் நிலையில் முதல் சந்தேகம் ‘ஹோம்’ பக்கத்தின் மேல். எக்ஸ்புளோரர் திறந்ததும் அண்மையில் தொட்ட கோப்புகள், பின் செய்த ஃபோல்டர்கள், ஒன்டிரைவில் உள்ளவை என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டப் பார்க்கும். அவற்றில் ஒன்று பதில் சொல்லாமல் இழுத்தடித்தாலும் ஜன்னல் வெள்ளையாகவே நிற்கலாம்.

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ‘விண்டோஸ் எக்ஸ்புளோரர்’ வரியில் வலது கிளிக், ‘ரீஸ்டார்ட்’. டாஸ்க்பார் ஒரு நொடி மறைந்து திரும்பும், பயம் வேண்டாம். அடுத்து விண்டோஸ் + ஆர் அழுத்தி ‘கன்ட்ரோல் ஃபோல்டர்ஸ்’ என்று தட்டுங்கள். எக்ஸ்புளோரர் ஜன்னலைத் திறக்காமலேயே அதன் அமைப்புப் பெட்டி வந்துவிடும். மேலே ‘ஓப்பன் ஃபைல் எக்ஸ்புளோரர் டு’ என்ற இடத்தில் ‘ஹோம்’ என்பதை ‘திஸ் பிசி’ ஆக மாற்றுங்கள். கீழே ‘பிரைவசி’ பகுதியில் உள்ள டிக்குகளை எடுத்துவிட்டு ‘கிளியர்’ அழுத்தி, ஓகே. இப்போது விண்டோஸ் + ஈ அழுத்திப் பாருங்கள். சட்டென்று திறந்தால் குற்றவாளி ஹோம் பக்கம்தான். டிக்குகளை நாளைக்கு ஒன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி போட்டுவிட்டு “ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன்” என்று பலர் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் அடிப்படைப் பகுதி வட்டில் அப்படியே சேமிக்கப்பட்டு மீண்டும் எழும். ‘ரீஸ்டார்ட்’தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். அப்டேட்டுக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரம் பின்னணியில் தேடல் அட்டவணை, வைரஸ் சோதனை என்று ஏதாவது ஓடும். அந்த நேரத்து மந்தத்தை நோய் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி (செங்காங்): 24எச்2 போட்டதிலிருந்து எக்ஸ்புளோரர் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. வீட்டில் ஒரு பழைய நாஸ் பெட்டி (வீட்டு வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் சேமிப்புப் பெட்டி) இருக்கிறது, அதை இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறேன். கடவுச்சொல் எதுவும் இல்லாமல் கெஸ்ட்டாகவே (விருந்தினராகவே) இத்தனை வருடம் ஓடியது அண்ணே. சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு தம்பி. கேள்வியிலேயே விடையும் இருக்கிறது.

2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் பகிர்வு விதிகளை இறுக்கியது. புரோ, எஜுகேஷன், என்டர்பிரைஸ் பதிப்புகளில் எஸ்எம்பி (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) இணைப்புக்குக் கையொப்பம், அதாவது தரவு வழியில் மாறவில்லை என்று காட்டும் அடையாளம், கட்டாயம். பெயரும் கடவுச்சொல்லும் இல்லாத கெஸ்ட் இணைப்பில் கையொப்பம் போட வழியில்லை. அதனால் விண்டோஸ் கதவைச் சாத்துகிறது, ஆனால் மேப் செய்த இசட் இன்னும் பட்டியலில் இருக்கிறது. எக்ஸ்புளோரர் ஒவ்வொரு முறையும் அதைத் தட்டிப் பார்த்து, காத்திருந்து, களைத்துத் திரும்புகிறது. அந்த ஒரு நிமிடம் அதுதான். சில நேரம் “உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது” என்று ஒரு செய்தியும் வரும். வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம் என்று குழம்ப வேண்டாம், எல்லாருக்கும் அதே வாசகம்தான்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘நெட் யூஸ்’ என்று தட்டினால் மேப் செய்தவை வரிசையாக வரும். இசட் பக்கத்தில் ‘அன்அவெய்லபிள்’ அல்லது ‘டிஸ்கனெக்டட்’ என்றிருந்தால், ‘நெட் யூஸ் இசட்: /டிலீட்’ கொடுத்து நீக்கிவிட்டு எக்ஸ்புளோரரைத் திறந்து பாருங்கள். வேகம் திரும்பியிருக்கும்.

பிறகு நாஸுக்கு வாருங்கள். அதன் நிர்வாகப் பக்கத்தில் ஃபர்ம்வேரை (பெட்டியின் உள் மென்பொருளை) புதுப்பித்து, எஸ்எம்பி 2, 3 இரண்டையும் இயக்கி, 1-ஐ அணைத்துவிட்டு, உங்களுக்கென்று ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள். கணினியில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் அந்த நாஸின் பழைய பதிவு இருந்தால் அழித்துவிட்டு, ஒருமுறை சைன் அவுட் செய்து திரும்பி வந்து புதிய பெயரில் மேப் செய்யுங்கள். சைன் அவுட்டை விட்டுவிட்டால் 1219 என்ற பிழை எட்டிப் பார்க்கும். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் நுழைய விண்டோஸ் விடாது. இடது பக்கம் நாஸ் ஃபோல்டர் எதையாவது பின் செய்திருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பின் செய்யுங்கள். இதை மறந்துவிட்டு “இன்னும் இழுக்கிறது” என்பவர்கள் அதிகம்.

கையொப்பக் கட்டாயத்தையே அணைக்க இணையத்தில் வழி கிடைக்கும். செய்யாதீர்கள். உங்கள் பெட்டிக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும் என்றால் அதிலிருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட், கணக்காளர்): எக்ஸ்புளோரர் நன்றாகத்தான் திறக்கிறது. எந்தக் கோப்பில் வலது கிளிக் செய்தாலும் 20 விநாடி உறைகிறது, சில நேரம் மூடியே விடுகிறது.

பதில்: இது ஷெல் எக்ஸ்டென்ஷன் விவகாரம். ஜிப் மென்பொருள், பிடிஎஃப் மென்பொருள், வைரஸ் தடுப்பான், கிளவுட் சேமிப்பு எல்லாம் வலது கிளிக் மெனுவில் தங்களுக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளும். அந்தத் துணுக்குகள் எக்ஸ்புளோரரின் உள்ளேயே ஓடுபவை. அப்டேட்டுக்கு ஒத்துவராத ஒன்று தடுக்கி விழுந்தால் எக்ஸ்புளோரரையும் இழுத்துக்கொண்டு விழும்.

எப்போது உறைகிறது என்று கவனியுங்கள். விண்டோஸ் 11-இன் புதிய மெனு உடனே வந்து, ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ அழுத்தும்போது உறைந்தால் பழைய பாணித் துணுக்குகளில் ஒன்று காரணம். முதல் மெனுவே வரவில்லை என்றால் அண்மையில் புதுப்பித்த செயலிகளைப் பாருங்கள்.

ஆளைப் பிடிக்க இரண்டு வழி. ஸ்டார்ட்டில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ வரும். சிவப்புக் குறியுள்ள நாளில் ‘விண்டோஸ் எக்ஸ்புளோரர்’ வரியை இரண்டு முறை சொடுக்குங்கள். ‘ஃபால்ட்டிங் மாட்யூல் நேம்’ என்ற இடத்தில் ஒரு டிஎல்எல் (நிரல்கள் பயன்படுத்தும் துணைக் கோப்பு) பெயர் இருக்கும். அது உங்கள் பிடிஎஃப் அல்லது ஜிப் மென்பொருளின் பெயரை ஒத்திருந்தால் வேலை முடிந்தது, அதைப் புதுப்பியுங்கள் அல்லது நீக்குங்கள். ‘என்டிடிஎல்எல்’ போன்ற விண்டோஸின் சொந்தப் பெயர் இருந்தால் அதன் மேல் பழி போட்டுவிடாதீர்கள். பிழை வெடித்த இடம் அது, பிறந்த இடம் வேறாக இருக்கலாம். வெறுமனே உறைந்து நின்ற நிகழ்வில் மாட்யூல் பெயரே இருக்காது.

அப்போது இரண்டாம் வழி. நிர்சாஃப்ட் தரும் ‘ஷெல்எக்ஸ்வியூ’ என்ற இலவசக் கருவியைத் திறந்து, ‘ஆப்ஷன்ஸ்’ மெனுவில் மைக்ரோசாஃப்டின் துணுக்குகளை மறையுங்கள். மிச்சம் 16 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியை, அதாவது 8-ஐத் தேர்ந்து எஃப்7 அழுத்தி முடக்கி, எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்து வலது கிளிக் பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றவாளி முடக்கிய 8-இல் இருக்கிறது, இல்லையென்றால் மற்ற 8-இல். இப்படிப் பாதி பாதியாகக் கழித்தால் நாலே சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். மற்றவற்றை எஃப்8 அழுத்தித் திரும்ப இயக்கிவிடுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): தங்கையின் கல்யாண வீடியோக்கள் உள்ள ஃபோல்டரை மட்டும் திறக்க முடியவில்லை. பச்சைக் கோடு பாதியில் நின்றுவிடுகிறது.

பதில்: ஒவ்வொரு வீடியோவிலிருந்தும் சின்னப் படம் எடுக்கப் பார்க்கிறது, பாதியில் அறுந்த ஒரு கோப்பிலோ பழைய கோடெக்கிலோ (வீடியோவை விரித்துக் காட்டும் நிரல்) மாட்டிக்கொள்கிறது. ‘கன்ட்ரோல் ஃபோல்டர்ஸ்’ பெட்டியில் ‘வியூ’ தாவலுக்குப் போய் ‘ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்’ டிக் செய்யுங்கள். வலப்பக்கம் பிரிவியூ பலகை திறந்திருந்தால் ஆல்ட் + பி அழுத்தி மூடுங்கள். ஃபோல்டர் திறந்ததும் அளவு 0 என்று காட்டும் கோப்பு, பாதி மட்டும் நகலான கோப்பு ஆகியவற்றை வெளியே எடுத்து வையுங்கள். ‘செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ்’ போய் ‘தம்ப்நெயில்ஸ்’ மட்டும் தேர்ந்து அழித்துவிட்டு, முதலில் போட்ட டிக்கை எடுத்துவிடலாம். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி உண்டு. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இறக்கி வைத்ததெல்லாம் போய்விடும். எந்தக் காலத்திலோ நிறுவிய கோடெக் பேக் இருந்தால் நீக்கிவிடுங்கள். இன்றைக்கு அதற்குத் தேவையே இல்லை.

கேள்வி (சிராங்கூன் சாலை, கடைக்காரர்): கடைக் கணினியில் எக்ஸ்புளோரர் போனால் கீழே இருக்கும் பட்டையும் டெஸ்க்டாப்பும் சேர்ந்தே போய்விடுகின்றன. கறுப்புத் திரைதான். பில் போட முடியவில்லை சார்.

பதில்: டாஸ்க்பார், டெஸ்க்டாப், ஃபோல்டர் ஜன்னல் மூன்றும் ஒரே நிரல், அதனால்தான். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி, ‘ரன் நியூ டாஸ்க்’ பெட்டியில் ‘எக்ஸ்புளோரர்’ என்று தட்டி என்டர். அவசரத்துக்கு, அதே பெட்டியில் ‘பிரவுஸ்’ அழுத்தி பில் மென்பொருளை நேரடியாகவே திறந்துகொள்ளலாம். கடை நிற்காது.

டாஸ்க்பாரைப் பழைய விண்டோஸ் தோற்றத்துக்கு மாற்றும் கருவி ஏதாவது போட்டிருக்கிறீர்களா? பெரிய அப்டேட்டில் முதலில் உடைவது அதுதான். நீக்கிவிடுங்கள். நீக்க அவகாசம் தராமல் எக்ஸ்புளோரர் விழுந்துகொண்டே இருந்தால் சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலைக்கு) போக வேண்டும்: கன்ட்ரோல் + ஆல்ட் + டிலீட் அழுத்தி, வலது கீழ் மூலையில் பவர் சின்னம், ஷிஃப்டைப் பிடித்தபடி ‘ரீஸ்டார்ட்’, பிறகு ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’, கடைசியில் எண் 4. போகும் வழியில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கத் திறவுகோல் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே கைப்பேசியில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி (யீஷூன், உயர்நிலை 2 மாணவனின் அம்மா): பள்ளி மூலம் வாங்கிய மடிக்கணினியில் இதே பிரச்சினை. நானே ரீசெட் செய்யலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. கற்றல் சாதனங்களில் பள்ளியின் மேலாண்மை மென்பொருள் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் ரீஸ்டார்ட், ‘திஸ் பிசி’ மாற்றம், இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு பள்ளியின் தொழில்நுட்ப உதவியாளரிடம் கொடுங்கள்.

கேள்வி (பிடோக்): விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் கட்டளைகள் என்று எஸ்எஃப்சி, டிஸ்ம் இரண்டையும் ஓட்டச் சொல்கிறார்கள். டிஸ்ம் 62.3 சதவீதத்தில் நின்றுவிட்டது. மூடிவிடலாமா?

பதில்: மூடாதீர்கள், அந்த எண்ணில் தங்கிப் போவது அதன் வழக்கம். அரை மணி நேரம் விடுங்கள், இணையம் இணைப்பில் இருக்கட்டும். வரிசை முக்கியம். அட்மின் உரிமையோடு திறந்த டெர்மினலில் முதலில் ‘டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்’, அது முடிந்த பிறகே ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்னவ்’. ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஓர் இடைவெளி. எஸ்எஃப்சி மாற்றுக் கோப்பை எடுப்பது விண்டோஸின் உள் கிடங்கிலிருந்து. அந்தக் கிடங்கைச் சரிசெய்வது டிஸ்ம். மாற்றி ஓட்டினால் கெட்ட கிடங்கிலிருந்து கெட்ட சரக்கு.

இந்த இரண்டையும் சர்வரோக நிவாரணி போலப் பரிந்துரைக்கிறார்கள். விண்டோஸின் சொந்தக் கோப்பு கெட்டிருந்தால் மட்டுமே இவை உதவும். நாஸ் தகராறையோ மூன்றாம் தரப்புத் துணுக்கையோ தொடக்கூட மாட்டா. இரண்டும் ஓடியும் விண்டோஸ் கோப்புகள் சரியாகவில்லை என்றால் ‘செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி’ போய் ‘ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’ பயன்படுத்துங்கள். செயலிகளும் கோப்புகளும் அப்படியே இருக்க, விண்டோஸ் மட்டும் தன்னை மறுபடி நிறுவிக்கொள்ளும்.

கேள்வி (பொங்கோல்): அப்டேட்டையே எடுத்துவிட முடியாதா?

பதில்: எது வந்தது என்பதைப் பொறுத்தது. மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட் அமெரிக்காவில் இரண்டாம் செவ்வாய் வெளியாகும், சிங்கப்பூரில் நமக்கு அது புதன் அதிகாலை. வியாழன் காலை எக்ஸ்புளோரர் மக்கர் செய்தால் தேதி பொருந்துகிறதா என்று ‘அப்டேட் ஹிஸ்டரி’யில் பாருங்கள். அதே பக்கத்தின் கீழே ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ இருக்கிறது. நீக்கியதும் அப்டேட்டை ஒரு வாரம் ‘பாஸ்’ செய்யுங்கள், இல்லையென்றால் அதே இரவு திரும்பி வந்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே போவதால் நீண்ட நாள் அப்படியே விடக்கூடாது.

24எச்2 போன்ற பெரிய பதிப்பு என்றால் ‘ரெகவரி’ பக்கத்தில் ‘கோ பேக்’. அதற்கு 10 நாள்தான் அவகாசம். இடையில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ ஃபோல்டரை இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

கேள்வி (பிடோக்கிலிருந்தே இன்னொருவர்): டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று நிற்கிறது. பழைய சுழல்தட்டு வட்டு, டக் டக் என்று சத்தமும் வருகிறது.

பதில்: அப்டேட்டை விடுங்கள், வட்டு போய்க்கொண்டிருக்கிறது. முக்கியமானவற்றை இப்போதே வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். அதற்கு முன் ‘செக்டிஸ்க் /ஆர்’ ஓட்டாதீர்கள். அது வட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும், சாகக் கிடக்கும் வட்டை அந்த வேலையே முடித்துவிடலாம். நகல் முடிந்ததும் எஸ்எஸ்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (தேக்கா, தமிழ் அமைப்பு ஒன்றின் செயலாளர்): எங்கள் ஃபோல்டர், கோப்புப் பெயரெல்லாம் தமிழில்தான். அப்டேட்டோடு ஒன்டிரைவ் பேக்கப் இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து சில கோப்புகளைப் பெயர் மாற்றவோ அழிக்கவோ முடியவில்லை, பாதை நீளம் என்கிறது. பெயர்கள் அவ்வளவு நீளமில்லையே ஐயா?

பதில்: கண்ணுக்குத் தெரியும் நீளம் வேறு, விண்டோஸ் எண்ணும் நீளம் வேறு. ‘கொண்டாட்டம்’ என்ற சொல்லில் நாம் எண்ணுவது 6 எழுத்து. யூனிகோடில் அது 11. க தனி, ஒகரக் குறி தனி, ண தனி, அதன் மேல் புள்ளி தனி என்று போகும். எக்ஸ்புளோரர் இன்றும் பெரும்பாலும் 260 என்ற பழைய வரம்புக்குள்தான் வேலை செய்கிறது, அதில் டிரைவ் எழுத்திலிருந்து கோப்பின் வால் வரை எல்லாம் அடக்கம். ‘ஆண்டு விழாக் கொண்டாட்டம்’, அதற்குள் ‘நிகழ்ச்சி ஏற்பாட்டுக் குழு’ என்று நாலு ஃபோல்டர் ஆழம் போனால் வரம்பை நெருங்கிவிடுவீர்கள். ஒன்டிரைவ் பேக்கப் ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரை ‘ஒன்டிரைவ்’ என்ற இன்னொரு ஃபோல்டருக்குள் நகர்த்தியதும் பாதை மேலும் நீண்டு எல்லையைத் தாண்டிவிட்டது.

உள்ளே இருக்கும் கோப்பைத் தொடாமல் வெளியிலிருக்கும் ஃபோல்டரின் பெயரை முதலில் சுருக்குங்கள். ‘ஆண்டு விழாக் கொண்டாட்டம் 2025’ என்பதை ‘விழா 2025’ ஆக்கினாலே உள்ளிருக்கும் அத்தனை பாதைகளும் ஒரே அடியில் குறையும். அதுவும் மறுத்தால் அந்த ஃபோல்டரை அப்படியே இழுத்து சி டிரைவின் மேல்மட்டத்தில் வைத்து அங்கே பெயர்களைத் திருத்திவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் நீண்ட பாதைக்கு அனுமதி தரும் அமைப்பு ஒன்று 2016 முதலே இருக்கிறது. அதற்கு ஏற்ப எழுதப்பட்ட மென்பொருள்களுக்கே அது பயன்படும், எக்ஸ்புளோரர் அதைக் கண்டுகொள்வதில்லை.