பதினான்கை 104 என்று எழுதும் குழந்தை

வணக்கம். உங்கள் மகள் பதினான்கை 104 என்றும், ‘ஃபோர்டீன்’ என்றால் 41 என்றும் எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து அவளைத் திட்டாதீர்கள். காதில் விழும் வரிசையிலேயே எழுதுகிறாள். தமிழில் பத்து முதலில் கேட்கிறது. அதனால் 10, பிறகு 4. ஆங்கிலத்தில் நான்கு முதலில் கேட்கிறது. அதனால் 4 முன்னால் வருகிறது. உண்மையில் கவனமாகக் கேட்கும் பிள்ளை அவள்!

எழுதுவதைச் சில நாட்கள் நிறுத்திவிட்டுக் குச்சிகளைக் கொடுங்கள். பதினான்கு குச்சிகளை எண்ணி, பத்தை அவளே ரப்பர் பேண்டால் கட்ட வேண்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் பயனில்லை. தன் கையால் கட்டினால்தான் அந்த ஒரு கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பதை நம்புவாள். பத்து ரூபாய் நாணயம் இப்போது வேண்டாம், அதற்குள் இருக்கும் பத்தை எண்ணிப் பார்க்க முடியாது.

பிறகு இரண்டு அட்டைகள். அகலமான அட்டையில் 10, அதில் பாதி அகலமுள்ள அட்டையில் 4. சிறியதைச் சுழியத்தின் மேல் வைத்தால் 14 தெரியும். தூக்கிப் பார்த்தால் சுழியம் அடியில் பத்திரமாக இருக்கும். 104 என்று எழுதும் குழந்தைகளுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டும் பத்தொன்பதும் ஒலியில் சற்று விலகியவை, அவற்றைக் கடைசியில் எடுங்கள். ‘பத்தாம் இடம்’, ‘ஒன்றாம் இடம்’ போன்ற சொற்களுக்கு அவசரமே இல்லை. “ஒரு கட்டு, நான்கு குச்சி” என்று அவள் சொன்னாலே போதும்.